மேலே ஒருவர், கீழே ஒருவர்

குமாசி நகரத்துச் சுவாமே பட்டறைப் பேட்டையில் அஜேகும் என்று கேட்டால் பத்துப் பேரைக் காட்டுவார்கள். கோகோ அஜேகும் என்று கேட்டால்தான் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் விடுவார்கள். குமாசிப் பேச்சில் கோகோ என்றால் மார்பு. கம்பங்கூழுக்கும் அதே சொல்தான். உச்சரிப்பில் ஒரு மயிரிழை வித்தியாசம், வெளியூர்க் காதுக்கு அதுவும் பிடிபடாது. அதனால் வருஷத்தில் ஒருவராவது தூக்குவாளியோடு வந்து நின்று, காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களைப் பார்த்து, "கூழ் இருக்கா?" என்று கேட்பார். கால்கள் பதில் சொல்லாது. மேலே நிற்கிற கூட்டாளி சர்போங்தான் சொல்வான்: "இருக்கு. ஆனா கொஞ்சம் கிரீஸ் வாடை அடிக்கும், பரவால்லையா?"

பெயர் வந்த கதை எளிது. மற்ற பட்டறைகளில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இறக்க ஜாக்கி வைப்பார்கள், சங்கிலி போடுவார்கள். அஜேகும் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து, அதில் மல்லாந்து படுத்துக்கொள்வார். கடைசி போல்ட் கழன்றதும் கியர்பாக்ஸ் அவர் மார்பில் வந்து உட்காரும். ஆள் எடை இருக்கும் இரும்பு. அதை அணைத்துப் பிடித்து, ஒரு பக்கமாகப் புரண்டு, பக்கத்தில் கிடக்கும் பழைய டயருக்குள் இறக்கிவிடுவார். அழுகிற பிள்ளையைத் தோளிலிருந்து பாயில் போடுகிற மாதிரி இருக்கும். மாட்டும்போது இதே வேலை தலைகீழாக நடக்கும்.

எஜுராவில் வள்ளிக்கிழங்குக் காட்டில் பிறந்தவர். கிழங்கு லாரியின் மேல் ஏறி குமாசிக்கு வந்தார், திரும்பிப் போகவில்லை. முதலில் கற்றுக்கொண்டது கையால் கியர் போடுகிற வண்டிகள். பிறகு வெளிநாடுகளிலிருந்து பழைய ஆட்டோமேட்டிக் கார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. பேட்டையில் பாதிப்பேர் அதைத் தொடவே பயந்தார்கள். அஜேகும் பயப்படாததற்குக் காரணம், அவர் அதைத் திறக்க நினைக்காததுதான். "உள்ளே இருக்கிறது திறக்கிறவன் பாடு. இறக்கிறதும் ஏத்துறதும் என் பாடு" என்பார். அந்த ஒரு வேலையை வைத்துத்தான் டாஃபோவில் வீடு கட்டினார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார், மனைவி அஃப்ரியேவுக்குத் துணிக்கடை போட்டுக் கொடுத்தார்.

சர்போங் அவரைவிட மிகவும் இளையவன். மாம்போங்கிலிருந்து வந்தவன். அதற்குமுன் மினிபஸ்ஸில் ஆள் கூப்பிடுகிற வேலை பார்த்தான். பயணிகளிடம் வாய் அதிகம் என்று நிறுத்திவிட்டார்கள். அந்த வாய்க்காரன் அஜேகுமிடம் வந்து சேர்ந்த பிறகு, வேலை நேரத்தில் ஒற்றைச் சொல் ஆளாகிவிட்டான். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. முகம் தெரியாது. நடுவில் இன்ஜின். "பிடி." "விடு." "இரு." "வந்தாச்சா?" "வந்தாச்சு." இவ்வளவுதான் பேச்சு. இத்தனை வருஷத்தில் அஜேகுமின் மார்பில் கியர்பாக்ஸ் தப்பு நேரத்தில் இறங்கியதில்லை என்றால், அது சர்போங்கின் கையால்தான். கடைசி போல்ட்டை எப்போது விடுவது என்பது அவனுக்குத் தெரியும். கீழே இருப்பவரின் மூச்சைக் கேட்டே விடுவான்.

அந்த சர்போங்கை எதிர்வரிசையில் புதிதாக வந்த பட்டறை கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அங்கே இரண்டு தூண் நட்டு, காரையே ஆகாசத்துக்குத் தூக்கும் இயந்திரம் வைத்திருந்தார்கள். மழை தொடங்கியதிலிருந்து அதன் முதலாளி சர்போங்கைப் பார்க்கும்போதெல்லாம் தோளில் கைபோடுகிறார். பேட்டை முழுக்க இது தெரியும். அஜேகுமுக்கும் தெரியும். ஆனால் அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். அவன் போய்விட்டால் இன்னொருவனை மேலே நிறுத்திவிட்டுக் கீழே படுக்க அவரால் முடியாது. அது வேலையைப் பற்றிய கணக்கு மட்டும் இல்லை.

வியாழக்கிழமை காலை கொனாடு அம்மாவின் கார் பட்டறையில் நின்றிருந்தது. ஏரிக்கரை யேஜியிலிருந்து கருவாடு ஏற்றி வந்து விற்கிறவள். சின்ன கொரியக் கார், கதவைத் திறந்தால் ஏரி வாடை வரும். கியர்பாக்ஸை முந்தின நாளே இறக்கி, திறக்கிறவரிடம் கொடுத்து, சரிசெய்து வாங்கியாகிவிட்டது. மாட்டுவதுதான் பாக்கி. சனிக்கிழமை டெச்சிமானில் கொனாடுவின் தாய்மாமனுக்குத் துக்கக் கூட்டம். குடும்பத்தில் மூத்த பெண் அவள்தான். வருகிறவர்கள் வந்து கைகொடுக்கும்போது நாற்காலியில் அவள் இருந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பிவிடுவேன் என்று சொல்லி வைத்திருந்தாள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் முகப்பில் கன்வெர்ட்டர் என்று ஒரு உருண்டை இருக்கும். அமுக்கிவைத்த பூசணிக்காய் மாதிரி. இன்ஜினின் சுற்றை வாங்கி கியர்பாக்ஸுக்குக் கொடுப்பது அதுதான். மாட்டுவதற்கு முன்னால், தரையில் வைத்தே, அதைக் கியர்பாக்ஸுக்குள் சுற்றிச் சுற்றித் தள்ள வேண்டும். கொஞ்சம் இறங்கும், உட்கார்ந்துவிட்டது போலவே இருக்கும். மறுபடி சுற்றினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். கடைசியாக ஒரு இறக்கம் இருக்கிறது. உள்ளே இருக்கும் எண்ணெய் பம்ப்பின் பல்லைப் போய்ப் பிடிக்கிற இறக்கம். அதுவும் ஆனால்தான் "வந்தாச்சு". அதற்குமுன் இன்ஜினோடு சேர்த்து போல்ட்டை முடுக்கினால் பம்ப் நொறுங்கும். கடைசி இறக்கம் எப்போதும் சர்போங்கின் வேலை.

அவன் உருண்டையைச் சுற்றிக்கொண்டிருந்தான். அஜேகும் அதற்குள் காருக்கு அடியில் போய்ப் படுத்து, இன்ஜினில் போல்ட் வருகிற துளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது கொனாடு அம்மா வாடகை வண்டியிலிருந்து இறங்குவதை சர்போங் பார்த்தான். துக்கத்துக்குப் போக இருக்கிற குடும்பத்து மூத்தவளை எழுந்துபோய் வரவேற்காமல் இருக்க முடியாது. கையைத் துடைத்துக்கொண்டே, "வர்றேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். போகிறவன் வர்றேன் என்று சொல்வது அங்கேயும் வழக்கம்தான், அதில் தப்பில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து அஜேகுமின் குரல் கேட்டது: "வந்தாச்சா?"

சர்போங் கொனாடுவுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். அவள் வந்துவிட்டாளா என்று கேட்கிறார் என்றுதான் அவன் நினைத்தான்.

"வந்தாச்சுண்ணே."

அஜேகும் பக்கத்துக் கடையில் டயருக்கு ஒட்டுப் போடுகிற சுலேயைக் கூப்பிட்டு, கியர்பாக்ஸை டயரோடு தன் பக்கம் தள்ளச் சொன்னார். மார்பில் ஏற்றிக்கொண்டார். சர்போங் திரும்பி வந்தபோது கியர்பாக்ஸ் ஏற்கெனவே மேலே போயிருந்தது. கடைசி இறக்கத்தை அண்ணனே முடித்துக்கொண்டார் போல என்று நினைத்துக்கொண்டு மேல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினான்.

கையால் தள்ளியே ஒட்ட வேண்டிய இரண்டு இரும்பு. அன்றைக்கு ஒட்டவில்லை; நடுவில் விரல் கனத்துக்கு இடைவெளி. சர்போங் போல்ட்டை முடுக்க, இடைவெளி மெல்ல மூடியது. ஸ்பேனர் முனகியது. அந்தச் சத்தம் அஜேகுமின் விலா எலும்பில் கேட்டது.

"நிறுத்து."

செல்ஃப் மோட்டார் இருக்கும் ஓட்டை வழியாக விரலை விட்டு உருண்டையைச் சுற்றிப் பார்த்தார். சுற்றவில்லை. கல்லாக நின்றது.

அவர் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது அவருடைய முகம் எப்படி இருந்தது என்பதைப் பின்னால் சுலேதான் எல்லோருக்கும் நடித்துக் காட்டினான். வலது கை முழுக்க எண்ணெய். இடது கையை நீட்டி, சர்போங்கின் நெற்றிக்கு நேராகக் காட்டி, ஒரு சொல் சொன்னார். முட்டாளே என்றார்.

அந்த ஊரில் இதைவிட மோசமான வசவுகள் நிறைய உண்டு; அவற்றைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள். இந்த ஒரு சொல் அப்படி இல்லை. வளர்ந்த ஆம்பிளையிடம், நாலு பேர் கேட்க, அதைச் சொல்லக் கூடாது. இடது கையை நீட்டுவதோ அதைவிட மோசம். வலது கை வேலையாக இருந்து இடது கையால் ஸ்பேனரை நீட்டினால்கூட, இடது கைக்கு மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டுத்தான் நீட்டுவார்கள். இத்தனை வருஷமும் அஜேகும் அதைச் சொல்லத் தவறியதில்லை.

சர்போங் ஸ்பேனரைக் கீழே வைத்தான். மண்ணெண்ணெய் டப்பாவில் கையைக் கழுவினான். விரல் விரலாகத் துடைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்வரிசைப் பக்கமாக நடந்துபோனான். வர்றேன் என்று சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் அஜேகும் எதுவும் நடக்காத மாதிரி வேலை பார்த்தார். முடுக்கிய போல்ட்டையெல்லாம் தளர்த்தினார். பிறகு சுலேயை மேலே நிற்கச் சொல்லி, கீழே போய்ப் படுத்தார்.

"கடைசி போல்ட்டை நான் சொல்றப்ப விடு."

"சரிண்ணே. விடவா?"

"இரு."

"இப்ப விடவா?"

அட்டையில் மல்லாந்து கிடந்தவருக்கு, தலைக்கு மேலே தொங்கும் இரும்பு அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பெரிதாகத் தெரிந்தது. சுலே நல்ல பையன். டயரில் அவன் போட்ட ஒட்டு பிரிந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் அவன் மூச்சும் இவர் மூச்சும் வேறு வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தன.

"வேண்டாம்பா. விடாதே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார்.

இதையெல்லாம் கொனாடு அம்மா நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கருவாட்டுச் சந்தையில் ஒரு நாளைக்கு எத்தனையோ சண்டை பார்க்கிறவள். என்ன நடந்தது, அவன் எப்போது வந்தான், நீ என்ன கேட்டாய், அவன் என்ன சொன்னான் என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். "வந்தாச்சு" என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"ஏப்பா, அவன் என்னைச் சொல்லியிருக்கான். நான்தான வந்தேன்."

அஜேகும் அவளையே பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். எழுந்து செருப்பை மாட்டினார். அவனைப் போய்ப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

"தனியாவா போற?" என்றாள் கொனாடு. "நல்லாருக்கு. வஞ்ச வாயாலேயே மன்னிப்பும் கேப்பியா? உனக்காகப் பேச ஒரு ஆள் வேணாமா?"

அவருக்கும் அந்த முறை தெரியாததல்ல. பெரிய தப்புக்கு நேராகப் போய் நின்று மன்னிப்புக் கேட்க மாட்டார்கள்; இன்னொருவரை முன்னால் விட்டு, அவர் வாய் வழியாகத்தான் கேட்பார்கள். ஆனால் வயதில் இளையவனிடம், தன்னிடம் வேலை பார்க்கிறவனிடம், யாரை அனுப்புவது? அவருக்கு அதுதான் கூச்சமாக இருந்தது. சர்ச் மூப்பரைக் கூப்பிட்டால் விஷயம் டாஃபோ வரைக்கும் போய்விடும். அஃப்ரியேவிடம் சொல்லவே வேண்டாம்.

"நானே பேசறேன்" என்றாள் கொனாடு. "சனிக்கிழமை முழுக்கப் பேசத்தான போறேன். தொண்டை பழகட்டும்."

காரின் டிக்கியைத் திறந்தாள். துக்கவீட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த மதுப் புட்டிகளில் ஒன்றை உருவினாள். மாமா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார், உசுரோட இருந்தா அவரே திறந்திருப்பார் என்று முணுமுணுத்தாள்.

சர்போங் எதிர்வரிசைப் பட்டறைக்குள் போயிருக்கவில்லை. அதன் வாசலில் வேப்ப மரத்தடியில் டாமே ஆடிக்கொண்டிருந்தான். கட்டம் போட்ட பலகை. காய்களைப் பலகை உடைகிற மாதிரி அடித்து வைப்பார்கள். அவனோடு ஆடியவன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். "வீட்ல பெண்டாட்டி காத்துக்கிட்டிருப்பா, போய்ச் சேரு. ஆட்டம் உனக்கு வராது." சர்போங் பதிலுக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் தோற்றுக்கொண்டிருந்தான். பேட்டையில் அது நடக்காத விஷயம். சுற்றி நின்றவர்கள் அவனுக்கு உடம்பு சரியில்லையோ என்று யோசித்தார்கள்.

கொனாடு முன்னால் வந்து நின்றாள். அஜேகும் ஒரு அடி பின்னால் நின்று, செருப்பைக் கழற்றினார். பெரியவர்கள் முன்னால்தான் கழற்றுவார்கள். பலகைச் சத்தம் நின்றது. எண்ணெய் மண்ணில் அந்த வெறுங்கால்களை எல்லோரும் பார்த்தார்கள். சர்போங்தான் பார்க்கவில்லை.

ஆனால் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்க அவனாலும் முடியாது. கொடுத்தான். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு, எல்லாம் தெரிந்தவனாக இருந்தும், முறைப்படி கேட்டான்:

"இங்க எல்லாரும் சுகம். வந்த சேதி என்ன?"

கொனாடு ஏதோ தூர தேசத்திலிருந்து வந்தவள் போல ஆரம்பத்திலிருந்து சொன்னாள். தன் கார் நின்ற இடம், தன் மாமன் போன விதம், இரண்டு பேர் ஒரு இரும்பைத் தூக்கி ஏற்றியது, ஒரு சொல் இரண்டு பக்கமும் போனது. அஜேகும் சொன்ன சொல்லை மட்டும் அவள் வாயால் சொல்லவில்லை. "அவர் கையில இருந்து நழுவினது ஒண்ணு, வாயில இருந்து நழுவினது ஒண்ணு. ரெண்டையும் பொறுக்கி எடுத்துக்கிட்டுப் போக வந்திருக்கார்" என்று முடித்தாள். புட்டியை வலது கையால் நீட்டினாள்.

சர்போங் புட்டியை வாங்கவில்லை, தள்ளவும் இல்லை.

"அம்மா, அவருகிட்ட நீங்களே கேளுங்க" என்றான். அஜேகும் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் நின்றார். "நான் வேணும்னே செஞ்சேன்னு நினைச்சாரா? இங்க போறதுக்காக அங்க அரைகுறையா விட்டேன்னு?"

கொனாடு திரும்பி அஜேகுமைப் பார்த்தாள். அவர் அவள் காதில் சொல்ல வேண்டும். அவள்தான் சத்தமாகச் சொல்ல வேண்டும். அதுதான் முறை. அவர் குனிந்து ஏதோ சொன்னார். அவள் புருவத்தை உயர்த்தினாள்.

"ஒரு கணம் நினைச்சாராம்" என்றாள். "அதுக்காகத்தான் அந்தக் கை தப்பா நீண்டுதாம். போல்ட்டுக்காக இல்லையாம்."

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சர்போங் அந்த இடத்திலேயே புட்டியை வாங்கிக்கொண்டு மறுநாள் எதிர்வரிசைக்குப் போயிருப்பான். அஜேகுமுக்கு அது தெரிந்திருந்ததா என்று சொல்ல முடியாது. அவர் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்போங் கொஞ்ச நேரம் பலகையில் இருந்த காய்களை அடுக்கினான். தூண்கள் நட்ட பட்டறையை நிமிர்ந்து பார்த்தான். அங்கே ஒரு கார் ஆகாசத்தில் நின்றது. கீழே ஒருவன் நின்றபடியே வேலை பார்த்தான். பக்கத்தில் இன்னொருவன். இரண்டு பேரும் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அங்க பேசவே வேணாம்மா" என்றான் சர்போங். "எல்லாம் கண்ணுக்குத் தெரியும். யாரு விட்டா, யாரு பிடிச்சான்னு சண்டையே வராது."

"அப்ப போறியா?"

"முதல்ல உங்க வண்டி." புட்டியை இரண்டு கையாலும் வாங்கினான். மூடியைத் திறந்து, முன்னோருக்கென்று தரையில் கொஞ்சம் ஊற்றி, ஒரு வாய் குடித்து, அஜேகுமுக்கு நேராக நீட்டினான். அவர் குடித்தார். பிறகு முதல்முறையாக அவரைப் பார்த்துச் சொன்னான்: "ஒண்ணுண்ணே. ஏத்துறப்ப நான் கீழ படுக்கறேன். நீங்க மேல நில்லுங்க."

அஜேகும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கொனாடு தொண்டையைச் செருமினாள். அவர் வாயை மூடிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

கியர்பாக்ஸை இறக்கியது வழக்கம் போலத்தான். அஜேகும் மார்பில், சர்போங் மேலே. பம்ப்பின் ஒரு பல் ஓரத்தில் நகம் அளவுக்குச் சிதைந்திருந்தது. திறக்கிறவரிடம் சர்போங்கே தூக்கிக்கொண்டு போனான். அவர் திட்டிக்கொண்டே வேறு பம்ப் போட்டுக் கொடுத்தார். இரண்டு பேரையும் சேர்த்தே திட்டினார். இரண்டு பேரும் சேர்ந்தே வாங்கிக்கொண்டார்கள்.

வெயில் சாயத் தொடங்கியது. சர்போங் அட்டையில் படுத்தான். அவனுடைய மார்பு அகலம் குறைவு. கியர்பாக்ஸ் ஏறியதும் முகம் சுருங்கியது. அஜேகும் இன்ஜின் பக்கம் நின்றார். அங்கே நின்று அவர் இந்த வேலையைப் பார்த்ததே இல்லை. மேலேயிருந்து பார்த்தால் இன்ஜினும் குழாய்களும்தான் தெரிந்தன, ஆள் தெரியவில்லை. சந்தில் எங்கோ ஒரு முழங்கை, அவ்வளவுதான். இந்த முழங்கையை மட்டும் பார்த்துக்கொண்டுதான் அவன் இத்தனை வருஷம் என் உயிரைக் காத்துக்கொண்டு நின்றானா என்று தோன்றியது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். பிறகு மூச்சைக் கேட்க முயன்றார். முதலில் தன் மூச்சுதான் கேட்டது.

"உருண்டை உக்காந்துச்சாண்ணே?" என்று கேட்டான் சர்போங். அதைச் சுற்றி இறக்கியவர் இந்தமுறை அஜேகும்தான். வந்தாச்சு என்று சொல்ல வாய் போனது. சொல்லவில்லை.

"உருண்டை உக்காந்துருச்சு. கடைசி இறக்கமும் ஆச்சு. நானே பார்த்தேன்."

வேலை நேரத்தில் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. நாற்காலியில் இருந்த கொனாடு சிரித்தாள்.

கீழேயிருந்து சர்போங் தள்ளினான். மேலேயிருந்து அஜேகும் விரலால் வழிகாட்டினார். இரண்டு இரும்பும் கையாலேயே போய் ஒட்டின, நடுவில் ஒரு தாள் நுழையாதபடி. ஓட்டையில் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். உருண்டை தடையில்லாமல் சுற்றியது. போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டார். எண்ணெய் ஊற்றி, சாவி போட்டதும் இன்ஜின் முனகல் இல்லாமல் எழுந்தது. முன்னே, பின்னே, இரண்டு கியரும் இழுத்துக்கொண்டன. கொனாடு அம்மா மீதிப் புட்டிகளை எண்ணிப் பார்த்து, டிக்கியை அடித்து மூடி, இனிமேல் தன்னைப் பேச்சுக்குக் கூப்பிட்டால் இரண்டு மடங்கு கருவாடு வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

சர்போங் நெஞ்சைத் தடவிக்கொண்டு எழுந்தான். சட்டையைத் தூக்கிப் பார்த்தான். சிவந்த தடம் பதிந்திருந்தது. எதிர்வரிசையில் தூக்கி நிறுத்தியிருந்த காரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இயந்திரத்தின் இரைச்சல் இங்கே வரைக்கும் கேட்டது. அதன் முதலாளி வாசலுக்கு வந்து இந்தப் பக்கம் பார்த்தார், கையை அசைத்தார். சர்போங்கும் பதிலுக்கு வலது கையை அசைத்தான். அஜேகும் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். போகிறாயா என்று கேட்கவில்லை.

சர்போங் அட்டையைத் தூக்கி, எண்ணெயை உதறி, கருவிகள் வைக்கும் கண்டெய்னர் சுவரில் சாய்த்து வைத்தான். காய்வதற்காக, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி.

"நாளைக்கு எந்த வண்டிண்ணே வருது?" என்று கேட்டான்.